எழுபதாண்டுப் பொற்காலம்

ஜூன் 9, திங்கள்

இன்று காலை பத்து மணி சுமாருக்கு, ஒரு தோள்பை, ஒரு தலையணை, ஒரு தைலப் புட்டி ஆகிய முப்படைகளுடன் கோமதிநாயகம் அத்தான் வீட்டுக்குள் நான் பிரவேசித்தேன். கரிசலூர் சரித்திரத்தில் இப்படியொரு பட்டணப் பிரவேசம் நடந்ததில்லை. வரவேற்க யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம். அத்தான் நடு அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், பூதம் வந்திருக்கேன்."

"ம்."

செண்பகம், இந்த நோட்டு உனக்காக எழுதப்படுகிறது. ஓசூர் பஸ் ஏறும்போது நீ போட்ட உத்தரவு அப்படியே என் காதில் இருக்கிறது. "மாமா, தை மாசம் அம்மா போனதுக்கப்புறம் அப்பா சரியில்ல. போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுதாவ. ஒங்கள கேட்டாலும் நீங்க ஒரு கதைதான் விடுவிய. அதனால தினமும் எழுதி வைங்க. என்ன சாப்பிட்டாவ, எப்படித் தூங்கினாவ, என்ன பேசினாவ. லீவுல வரும்போது நான் படிச்சுப் பாக்கணும்." கம்பெனிக்காரன் உனக்கு ஆகஸ்டில்தான் லீவு தருவான். அதுவரை உன் அப்பாவைப் பத்திரமாக வைத்திருந்து உன் கையில் ஒப்படைப்பது என் பொறுப்பு. எழுத உன் மகளுடைய பழைய அறிவியல் நோட்டு கிடைத்தது. முன்பாதியில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி. பின்பாதியில் உன் அப்பா.

வருங்காலத்தில் இதைத் தோண்டியெடுக்கப் போகும் அறிஞர்களுக்காக என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பூதத்தான். மிக்கேலின் ஃப்ளெக்ஸ் கடைக்கு வாசகம் எழுதுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சி, கருமாதி, எதுவானாலும் இந்த வட்டாரத்துப் பேனர்களில் ஓடுவது என் தமிழ். வாசலில் வந்து நின்ற ஆட்டுக்குட்டிக்கு ஒரு முருங்கை இலை போடாதவர்களை 'வாழும் வள்ளல்' ஆக்கியிருக்கிறேன். இந்த ஒரே ஊரில் நாற்பத்தோரு சிங்கங்கள், பதினேழு புயல்கள், ஓர் எரிமலை. எல்லாம் நான் பெற்ற மக்கள். சொந்தத்தில் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஊரே மாமா என்று கூப்பிடுவதால் அந்தக் குறை தெரியாமல் அறுபத்திரண்டு வயதை எட்டிவிட்டேன்.

அத்தான் சாப்பிட்டது: இட்லி ஒன்று. பேசியது: 'ம்' நான்கு தடவை. அதைச் சொல்லாகக் கணக்கில் எடுப்பதா என்பதைத் தமிழறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.


ஜூன் 10, செவ்வாய்

இட்லி ஒன்றரை. 'ம்' மூன்று. 'வேண்டாம்' ஒன்று. முன்னேற்றம் என்று கொள்க.


ஜூன் 12, வியாழன்

அத்தான் இடுப்பில் கட்டுகிற சாரங்களைத் துவைத்தேன். ரேஷன் வாங்கினேன். கேஸ் அடுப்பில் ஒரு பக்கம் எரியவில்லை. ஊசியால் குத்திச் சரி செய்தேன். விஞ்ஞான உலகம் கைதட்டியிருக்க வேண்டும்.

நான் வைத்த சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். வாயில் வைத்த காகம் தூத்துக்குடி வரை பறந்து போய் உப்பளத்துக்காரனிடம் புகார் கொடுத்திருக்கும். அத்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். உன் அம்மா ஒரு கல் உப்பு கூட்டிவிட்டால் தட்டைத் தள்ளி வைக்கிற மனிதர் இவர்.

தெருவே வந்து வைத்தியம் சொல்கிறது. எதிர்வீட்டுப் பேச்சியக்கா, "பொண்டாட்டி போன ஆம்பள இப்படித்தான் இருப்பாவ, தம்பி. இசக்கியம்மன் கோயில்ல மந்திரிச்சுக் கட்டுனா சரியாப் போவும்" என்றாள். பால்காரர் வாயு என்றார். தபால்காரர், "எழுபது வயசாகப் போவுதுல்லா, பின்ன ஆடிக்கிட்டா இருப்பாரு?" என்று கேட்டார். எல்லாருக்கும் நான், "அத்தான் தவத்தில் இருக்கிறார், அடுத்த மாதம் இந்திரன் பதவி காலியாகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.


ஜூன் 15, ஞாயிறு

ஆயுதத்தை எடுத்தேன். அதாவது பொய்.

உனக்குத் தெரியும், அத்தான் என் பொய்களுக்கு மார்க் போடுவார். முப்பத்திரண்டு வருஷம் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவர். விடியற்காலை வால்வைத் திறந்துவிட்டு, தொட்டியடியில் அவர் உட்கார்ந்திருக்கையில் நான் போய் ஒன்று அவிழ்த்துவிடுவேன். "ஆறு மார்க், மாப்ளே. போன வாரம் சொன்னது இன்னும் கொஞ்சம் நல்லாருந்தது" என்பார். வீட்டில் வைத்துச் சொன்னால் உன் அம்மா அடுப்படியிலிருந்து, "ஆறே அதிகம்" என்பாள்.

இன்று சொன்னது: நான் குற்றாலத்தில் குளிக்கப் போய் நின்றதும், விழுந்த அருவி என் முதுகைப் பார்த்துப் பயந்து மறுபடி மலைக்கே ஏறிப் போய்விட்டது. கீழே இருந்தவர்கள் எல்லாரும் சோப்பு நுரையோடு நிற்கிறார்கள். போலீஸ் வந்து என்னைக் கும்பிட்டு வெளியே அனுப்பிய பிறகுதான் அருவி இறங்கி வந்தது.

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் நேரம் கேட்கிற ஆளைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார்.

"அப்படியா" என்றார்.

நம்பிவிட்டார். என் பொய்யை ஒரு மனிதர் நம்பியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.


ஜூன் 19, வியாழன்

கர்ணன் தோற்றான். அத்தான் சைக்கிளை இன்று தெருக்கூட்டுகிற அய்யாத்துரைக்குக் கொடுத்துவிட்டார். கைக்கடிகாரம் பேச்சியக்கா மருமகனுக்கு. உன் அம்மா சேலைகளை மடித்து வைத்து, யார் யாருக்கு என்று துண்டுச்சீட்டு எழுதி வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை ஒரு கவரில் போட்டு மேலே 'செண்பகம்' என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு ஒழுங்கு பார்! அரசாங்க ஆபீஸில்கூட இந்த ஒழுங்கு கிடையாது.

பின்பக்கம் செடிக்கு அடிக்கிற மருந்து இருந்தது. கொண்டுபோய் விவசாய ஆபீஸ்காரரிடம் கொடுத்துவிட்டேன். செடியே இல்லாத வீட்டில் மருந்து எதற்கு. அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

தோசை ஒன்று. சொற்கள் ஆறு. ஆறும் சைக்கிளைப் பற்றி.


ஜூன் 21, சனி

இந்த வாரம் முழுக்க விடிவதற்கு வெகு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மூன்று மணி, மூன்றே கால், இரண்டு ஐம்பது, மறுபடி மூன்று. ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தற்செயல்.


ஜூன் 24, செவ்வாய்

உலகை மாற்றிய யோசனைகள் மொத்தம் மூன்று. நெருப்பு, சக்கரம், இன்று மத்தியானம் எனக்குத் தோன்றியது.

வருகிற ஞாயிறு அத்தானுக்கு எழுபது முடிகிறது. ஊரில் பதினெட்டு வயதுப் பயல்களுக்கெல்லாம் நான் பேனர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கே தண்ணீர் விட்ட மனிதருக்கு ஒன்று உண்டா? பஸ் ஸ்டாப்பில் பத்துக்கு எட்டு அடியில் ஒன்றை நிறுத்துவேன். அத்தானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அவர், "ஏ, என்னடே இது அநியாயம்" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால் போதும்.

வாசகம் நானே:

'தாகம் தீர்த்த தங்கமே! பகீரதனுக்குப் பெரியப்பாவே! குழாயடியின் கோமகனே! 1955 – 2025 எழுபதாண்டுப் பொற்காலம்!'

மிக்கேல் படம் கேட்டான். உன் அம்மாவும் அத்தானும் சேர்ந்து நிற்கிற கல்யாண வீட்டுப் படம் ஒன்றுதான் இருந்தது. மிக்கேல் கம்ப்யூட்டரில் உன் அம்மாவை வெட்டி எடுத்துவிட்டு அத்தானை மட்டும் வைத்தான். வெட்டும்போது நான் டீ குடிக்க வெளியே போய்விட்டேன்.

"மாமா, வேற ஆள் படம் ஒண்ணும் சுத்திப் போட வேண்டாமா? வெறுமையாருக்கு" என்றான் மிக்கேல்.

"சூரியனைச் சுற்றி டியூப் லைட் எதுக்குடே" என்றேன்.


ஜூன் 29, ஞாயிறு

இதை நான் விளையாட்டாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேனரை விடிந்ததும் கட்டினார்கள். ஏழு மணிக்குப் பேச்சியக்கா வாசலில் வந்து, "எய்யா, தண்ணி விட்ட மகராசா" என்று ஓங்கி ஒரு குரல் எடுத்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷோடு ஓடி வந்தால் அவள் பின்னால் மூன்று பெண்கள் தோளில் தோள் சேர்த்து அழுதுகொண்டே வருகிறார்கள். ரேஷன் கடைக்காரர் கையில் ரோஜாமாலை. தெருமுனையில் ஐஸ்பெட்டி வண்டி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. "ஏ, பெட்டிய எங்கன எறக்க?" என்று டிரைவர் என்னைக் கேட்கிறான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த ஊரில் எழுபது வயது ஆளின் படத்தைத் தனியாகப் போட்டு, கீழே இரண்டு வருஷத்தையும் போட்டு, பஸ் ஸ்டாப்பில் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உயிரோடு இருக்கிற கிழவருக்கு யாரும் பேனர் வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு நடுவில் கோடு போட்டது என் கைப்பழக்கம். இருபது வருஷமாக நான் எழுதிய வாசகங்களில் ஒன்றைக்கூட ஒருத்தரும் படித்ததில்லை, முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

முதலில் நான் சிரித்தேன். செண்பகம், உண்மையைச் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். "பேச்சியக்கா, ஒப்பாரிய நிறுத்து, இது பொறந்தநாளு" என்றேன். அவள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "சண்டாளா, எங்க உசுர எடுத்திட்டியே" என்று என்னை அடிக்க வந்தாள். எல்லாருக்கும் சிரிப்பு. ஐஸ்பெட்டி டிரைவருக்கும்.

அப்போதுதான் அத்தான் பனியனோடு வெளியே வந்தார். சிரிப்பு நின்றது. தொட்டியில் அவரோடு ஃபிட்டராக வேலை பார்த்த கருத்தப்பாண்டி அண்ணாச்சி தான் கொண்டுவந்த மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அத்தான் ஒவ்வொருத்தராகப் பார்த்தார். ஐஸ்பெட்டியையும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்கூட இல்லை. வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாலைய ஏன் ஒளிக்கே, கருத்தப்பாண்டி. கொண்டாந்தாச்சுல்லா. போடு" என்றார்.

தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினார்.

ஐஸ்பெட்டி டிரைவர் வண்டியின் எஞ்சினை அணைத்தான்.

"சரியாத்தான் வந்திருக்கிய எல்லாரும்" என்றார். "அஞ்சாறு மாசம் பிந்திட்டு, அவ்வளவுதான்."

கருத்தப்பாண்டி அண்ணாச்சி மாலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அத்தான் அழவில்லை. போடுவார்கள் என்று கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு, பிறகு எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

இன்று அவர் பேசிய சொற்களை எண்ண ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.


ஜூன் 30, திங்கள்

பேனரை இறக்கினேன்.

உன் போன் பதினோரு தடவை வந்தது. யாரோ உனக்கு அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

மாதா மாதம் வீட்டுக்கு வந்து அத்தானுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கிற சுகாதார நிலையத்து மாரிச்செல்வி இன்று வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சங்கதி அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"மாமா, சாமான எல்லாம் எடுத்துக் குடுக்காவளாமே, எத்தன நாளா?"

"அது வந்து, தர்ம சிந்தை..."

"வெளயாடாதிய. தூக்கம்? சாப்பாடு? மத்தவங்க மூஞ்சியப் பாத்துப் பேசுதாவளா?"

நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். தவளையைத் தாண்டிப் படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"இவ்வளவும் எழுதி வச்சிருக்கிய. ஒண்ணும் தெரியலயா ஒங்களுக்கு? இது வயசுனால இல்ல, மாமா. சீக்கு. மனச் சோர்வு நோய்ம்பாங்க. வெள்ளிக்கிழம பெரியாஸ்பத்திரில மனநல டாக்டர் பாப்பாங்க. கூட்டிட்டுப் போங்க."

"எங்க அத்தான் என்ன பைத்தியமா?"

"பிரஷருக்கு மாத்திர திங்கும்போது மானம் போவலல்லா? இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?" என்றாள். போகும்போது திரும்பி நின்றாள். "அதுக்கு முன்னாடி அவிய கிட்ட நேராக் கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு. நாம கேட்டு எண்ணம் வந்திராது. இருக்கது வெளிய வரும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழம வரைக்கும் தனியா விடாதிய. எதுனாலும் ஒடனே எனக்குப் போன் போடுங்க."

மத்தியானம் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினேன். ஆயிரம் பேனர் எழுதிய கைக்கு ஒரு கேள்வி வரவில்லை. காய் பூராவும் நறுக்கி முடிந்துவிட்டது. நறுக்கியதையே மறுபடி நறுக்கினேன்.

"அத்தான்."

"ம்."

"சாகணும்னு இருக்கா ஒங்களுக்கு?"

அவர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

"கத்திய கீழ வை, மாப்ளே. நறுக்குனதயே எத்தன தடவ நறுக்குவ" என்றார். நான் வைத்ததும், "காலைல முழிப்பு வரும்லா. வந்தவொடன, இன்னைக்குமான்னு இருக்கு. தெனமும். அந்த மருந்த நீ எடுத்துட்டுப் போனியே, அன்னைக்கு எனக்கு ஒன் மேல கோவம் கூட வரல. வந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார்.

"என்ட்ட சொல்லியிருக்கலாம்லா, அத்தான்."

"எப்படிச் சொல்ல? நீ வந்ததுலேர்ந்து வாய மூடலயே."

இதை அப்படியே எழுதி வைக்கிறேன். எனக்கு இதுவரை கிடைத்த பட்டங்களில் இதுதான் உண்மையானது.

பிறகு உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "மாமா, இதுல கூட்டிச் சொன்னது எவ்வளவு?" என்று கேட்டாய். ஒன்றுமே இல்லை என்றேன்.


ஜூலை 4, வெள்ளி

பெரியாஸ்பத்திரி. நம்பர் முப்பத்தாறு. மனநலப் பிரிவு என்று போர்டு போட்டிருக்கிற அறைக்கு முன்னால் பெஞ்சு. நான் என்னவோ சங்கிலி, கூச்சல் என்று கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நம்மைப் போல மஞ்சப்பை வைத்திருந்தார்கள். பாதிக்குப் பாதி வயசாளிகள்.

டாக்டரம்மா பெயர் நஸ்ரீன். சின்ன வயசு. அத்தானிடம், "ஐயா, நீங்க சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். "நீங்க வெளிய இருங்க சார்" என்றார். அரை மணி நேரம் வெளியே இருந்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் அத்தான் பேசுவதற்கு என்னதான் இருந்திருக்கும்?

பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இது முதுமையில் வந்தே தீர வேண்டிய ஒன்றல்ல, மருந்துக்குக் கேட்கும். ஆனால் மூன்று நாலு வாரம் ஆகும். அதற்குள் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தக் கூடாது. மாத்திரைகள் என் பொறுப்பில் இருக்க வேண்டும். எண்ணம் அதிகமானால் அடுத்த வெள்ளி வரை காத்திருக்காமல் அன்றே வர வேண்டும்.

"ஆள் வச்சுக் காவல் காக்க வேண்டாம். கூட இருங்க. பேசறத கேளுங்க" என்றார். கேளுங்க என்பதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அத்தான் உள்ளே என்னைப் பற்றி என்ன சொன்னாரோ.


ஜூலை 9, புதன்

மாத்திரை ஐந்தாம் நாள். குமட்டல். கஞ்சி மட்டும். மாற்றம் இல்லை.


ஜூலை 13, ஞாயிறு

மாற்றம் இல்லை. மிக்கேல் வந்தான். கீழத்தெருவில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்கு அடைமொழி வேண்டுமாம். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. "மாமா, ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன?" என்றான். வாயு என்றேன்.

அவன் போன பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. உன் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி நான் எழுதவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிய நான் என் உலகம்மா அக்காவுக்கு எழுதவில்லை. மிக்கேல்தான் யாருக்கோ எழுதிய பழைய வாசகத்தில் பெயரை மாற்றிப் போட்டான். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அத்தான்: இட்லி ஒன்று.


ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரி, இரண்டாம் தடவை. பெஞ்சில் இருக்கையில் நம்ம ஊர் ஜவுளிக்கடை முதலாளி எதிரே வந்துவிட்டார். "என்ன பூதத்தான், இங்கன?" நான் சட்டென்று, "பல்லு வலி அண்ணாச்சி. கடவாய்ப் பல். இமயமலை கணக்கா வீங்கிட்டு" என்றேன்.

அத்தான் நிதானமாக, "பல்லு இல்ல. எனக்கு மனசு சரியில்ல. அதான் பாக்க வந்தோம்" என்றார்.

முதலாளி எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "எங்க அம்மாவும் இப்படித்தான் ஒரு வருசமா படுத்தே கெடக்காவ. என்ன மாத்திர குடுக்காங்க?" என்று கேட்டார்.

அத்தான் சீட்டை எடுத்துக் காட்டினார்.


ஜூலை 27, ஞாயிறு

தலைப்புச் செய்தி! உலகச் செய்தி! கடல் தாண்டியும் அறிவிக்கப்படட்டும்!

காலையில் அத்தான் இட்லியைச் சாம்பாரில் தொட்டு வாயில் வைத்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே இது? புளிய கரைச்சியா, இல்ல மூட்டையோட கவுத்தியா? மனுசன் திம்பானா இத?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்!

நான் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் அப்பா என்னைத் திட்டினார், செண்பகம். ஐந்து வார்த்தை, பத்து வார்த்தை அல்ல, சாம்பாரிலிருந்து தொடங்கி என் குணம், என் தலைமுடி, நான் துவைக்கிற லட்சணம் வரை திட்டினார். பிறகு, "தள்ளு. தேங்கா இருக்கா? சட்னியாவது ஒழுங்கா அரை" என்று கூடவே வந்து நின்றார்.

இட்லி நான்கு.


ஜூலை 30, புதன்

முழுக்கச் சரியாகிவிடவில்லை. நேற்று மறுபடி பகல் பூராவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சொல்லியிருந்தார், ஏறும் இறங்கும் என்று. இன்று சாயங்காலம் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கருத்தப்பாண்டி அண்ணாச்சி வீடு வரை போய் வந்தார். நான் பின்னாலேயே போனேன். "ஏன்டே, ஒன் நெழலா நான்?" என்று கேட்டார். "'என் நிழலா நீ' என்றல்லவா கேட்க வேண்டும்" என்றேன். "ஆமா. ஒனக்கு நெழலுகூட சரியா விழல. எளச்சுட்டே" என்றார்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆஸ்பத்திரி, மூன்றாம் தடவை. நாளை மறுநாள் நீ வருகிறாய். இதுதான் கடைசிப் பக்கம்.

இன்று சீட்டு வாங்குகிற வரிசையில் அத்தானே போய் நின்றார். திரும்பி வரும்போது கையில் இரண்டு சீட்டு.

"ரெண்டு எதுக்கு அத்தான்?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு ஒனக்கு."

"எனக்கு எதுக்கு? நான் இரும்பு. ஜாம்ஷெட்பூர்க்காரன் வந்து மாதிரி கேட்டுட்டுப் போறான்."

"வா" என்றார்.

அவருடைய நம்பர் முடிந்தது. டாக்டரம்மா அதே மருந்தைத் தொடரச் சொன்னார். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தான் எழுந்து போகவில்லை. என் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கா? ஒன்றுமே இல்லை டாக்டர். பசி, யானைப் பசி. தூக்கம், ஊரே வந்து எழுப்பினாலும்..."

"டாக்டரம்மா, இவன் சொல்லுதத எழுதாதிய" என்றார் அத்தான். "நான் சொல்லுதேன், எழுதிக்கோங்க. இவன் தூங்குததே இல்ல. நான் எப்ப முழிச்சாலும் எனக்கு முன்னாடி முழிச்சுக் கெடப்பான். எங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான், அவுக அக்கா போனதுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருப்பான். எனக்குத் தட்டு நெறயப் போடுவான், இவன் நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டுக் கழுவிருவான். குளிக்கப் போனா குழாயத் தெறந்து விட்டுட்டு உள்ள நின்னு அழுவான். தண்ணிச் சத்தத்துல வெளிய கேக்காதுன்னு நெனைப்பு. முப்பத்திரண்டு வருசம் தண்ணி தெறந்து விட்டவன் நான். வாளில விழுத தண்ணிக்கும், வீணாப் போற தண்ணிக்கும் சத்தம் தெரியாதா எனக்கு?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு நான் புருசன். எல்லாரும் என்ட்ட வந்துதான் துக்கம் கேட்டாவ" என்றார் அத்தான். "இவன அம்மா ஸ்தானத்துல வளத்தது அவதான். இவன்ட்ட ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா சொல்றது சரியா?"

நான் ஒரு வாசகத்தைத் தேடினேன், செண்பகம். ஏதாவது ஒன்று. பத்துக்கு எட்டு அடிக்கு ஒன்று. எத்தனையோ பேருக்கு எவ்வளவோ எழுதியவன். அத்தானின் கை என் தோளில் இருந்தது, எடுக்கவில்லை.

"ஆமா" என்றேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். கிழிக்கவில்லை. வந்ததும் படி.